அந்தக் கடிதத்தில் கையெழுத்துப் போட முடியாது: பக்திப் பாடல், கிராமியப் பாடல் நிறுவனங்களுக்கு ஒரு திறந்த மடல்

அம்மன் பாடல்களும் கும்மி, தெம்மாங்குப் பாடல்களும் வெளியிட்டு வரும் நிறுவனங்களின் உரிமையாளர்களுக்கும் நிர்வாகிகளுக்கும்,

உங்களில் ஒரு நிறுவனத்திடமிருந்து போன மாதம் எனக்கு ஒரு கடிதம் வந்தது. இரண்டு பக்கம், முழுக்க ஆங்கிலத்தில். நான் எழுதிக் கொடுத்த எல்லாப் பாடல்களின் உரிமையையும், எக்காலத்துக்கும், உலகம் முழுவதற்கும், இப்போது இருக்கிற, இனிமேல் வரப்போகிற எல்லா ஊடகங்களுக்கும் அந்த நிறுவனத்துக்கே கொடுத்துவிட்டேன் என்று அதில் இருந்தது. ராயல்டி என்று எதையும் எந்தக் காலத்திலும் கேட்க மாட்டேன் என்றும் இருந்தது. கீழே தேதி 2014 என்று அச்சடித்தே வந்திருந்தது. என் கையெழுத்துக்கு மட்டும் இடம் விட்டிருந்தார்கள். போட்டு அனுப்பாவிட்டால் இனி என் பாட்டு எதையும் பதிவு செய்ய மாட்டோம் என்று தொலைபேசியில் சொன்னார்கள்.

இதே வாசகம் உள்ள கடிதம் எங்கள் வட்டாரத்தில் எழுதுகிற மற்றவர்களுக்கும் வந்திருக்கிறது. சிலருக்கு வேறு நிறுவனத்தின் பெயரில் வந்திருக்கிறது. ஆங்கிலம் தெரியாத ஒரு பெரியவர், பழைய பாக்கி வரப்போகிறது என்று நினைத்துக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்துவிட்டார். அதனால்தான் ஒரு நிறுவனத்துக்கு மட்டும் பதில் எழுதாமல் உங்கள் எல்லோருக்குமாக இதை எழுதுகிறேன்.

நான் உசிலம்பட்டிப் பக்கத்தவள். சத்துணவுக் கூடத்தில் அமைப்பாளர் வேலை. முளைப்பாரிக் கும்மிக்கும் அம்மன் கோயில் திருவிழாவுக்கும் பாட்டு எழுதுவேன். 2014 ஆடி மாதத்துக்காக ஒரு சி.டி. போட்டார்கள். அதில் என் பாட்டு நான்கு. பாட்டுக்கு 3000 ரூபாய் கொடுத்தார்கள். ஒரு வவுச்சரில் ரெவின்யூ ஸ்டாம்ப் ஒட்டி அதன் மேல் கையெழுத்து வாங்கினார்கள். "அம்மன் பாடல் எழுதிய வகையில்" என்று எழுதி, நான்கு பாட்டின் முதல் அடியும் தொகையும் போட்டிருந்தது. எத்தனை வருடத்துக்கு, எந்த ஊடகத்துக்கு, எந்த ஊருக்கு, ராயல்டி எவ்வளவு என்று அதில் ஒரு சொல் கிடையாது. அந்த வவுச்சரின் நகல் என்னிடம் இருக்கிறது. எங்களுக்குள் கையெழுத்தான ஒரே காகிதம் அதுதான்.

சி.டி. உறையில் பாடல் வரிகள் என்ற இடத்தில் என் பெயர் இருந்தது. சி.டி. காலம் முடிந்து அதே பாடல்கள் யூடியூபுக்குப் போனபோது பெயர் காணாமல் போய்விட்டது. பாடியவர் பெயர் இருக்கிறது, இசையமைத்தவர், தயாரித்தவர் பெயர் இருக்கிறது, படத்தொகுப்பு செய்தவர் பெயர்கூட இருக்கிறது. வரிகள் என்ற இடத்தில் மட்டும் "பாரம்பரியப் பாடல்" என்று போட்டிருக்கிறார்கள். எங்கள் ஊர்க் கண்மாய் பெயரும், அந்த வருடம் மழை பொய்த்ததும், நூறு நாள் வேலைக்குப் போய்விட்டு வந்து முளைப்பாரிக்குத் தண்ணீர் தெளிக்கிற பெண்களும் வருகிற பாட்டு எப்படிப் பாரம்பரியப் பாட்டாகும்?

பெயர் போட்டுக் கொடுங்கள் என்று பல முறை கேட்டேன். ஆகட்டும் என்றார்கள், ஆகவில்லை. கோயில் பாட்டுத்தானே, ஊர் பாடினால் போதும் என்று நானும் பேசாமல் இருந்தேன். இந்த வருடம் பங்குனிப் பொங்கலில் எங்கள் தெருப் பெண்கள் அந்தப் பாட்டைப் பாடிக் கும்மி கொட்டினார்கள். என் தம்பி மகள் அதைப் போனில் எடுத்து யூடியூபில் போட்டாள். கொஞ்ச நாளில் அந்த வீடியோவின் மேல் நிறுவனத்தின் உரிமைக் கோரல் வந்தது. இசைப் படைப்பு எங்களுடையது, இதில் வரும் விளம்பர வருமானம் எங்களுக்கு என்றது அது. அவள் ஆட்சேபம் அனுப்பினாள். பதில் சொல்ல அவர்களுக்கு 30 நாள் அவகாசம் உண்டு. அதற்குள் ஆட்சேபத்தை நிராகரித்துவிட்டார்கள். உரிமை எங்களிடம் எழுத்துமூலம் இருக்கிறது என்றார்கள். எந்த எழுத்து என்று நான் கேட்ட பிறகுதான் அந்த 2014 தேதி போட்ட கடிதம் என் வீட்டுக்கு வந்தது.

அந்த வீடியோவில் நிறுவனத்துக்குச் சொந்தமானது என்ன இருக்கிறது என்று யோசித்துப் பாருங்கள். நீங்கள் பதிவு செய்த ஒலி அதில் ஒரு நொடிகூட இல்லை. பாடியது எங்கள் ஊர்ப் பெண்கள். மெட்டு எங்கள் பாட்டிமார்கள் காலத்துக் கும்மி மெட்டு. அது எனக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும் சொந்தமில்லை. வரிகள் நான் எழுதியவை. தனி உரிமை இல்லாத ஒன்றை வைத்து உரிமை கோரக் கூடாது என்பதை யூடியூபே, ஏற்றப்படுகிற வீடியோக்களில் பிறருக்கு உரிமையுள்ள பாட்டு இருக்கிறதா என்று தானாகப் பார்க்கிற தன் கன்டென்ட் ஐடி ஏற்பாட்டுக்கு நிபந்தனையாக வைத்திருக்கிறது. பொதுச் சொத்தான மெட்டுக்கு அங்கே யாரும் உரிமையாளராக முடியாது.

ஒரு பாட்டில் மூன்று உரிமைகள் இருக்கின்றன என்கிறது 1957-ஆம் ஆண்டின் பதிப்புரிமைச் சட்டம். வரிகள் ஓர் இலக்கியப் படைப்பு. மெட்டு ஓர் இசைப் படைப்பு. ஒலிப்பதிவு மூன்றாவது. ஸ்டுடியோ வாடகை, வாத்தியக்காரர்கள் சம்பளம், பாடகருக்குக் கொடுத்த பணம் எல்லாம் போட்டு நீங்கள் எடுத்த ஒலிப்பதிவு உங்களுடையது. அதில் எனக்கு ஒரு சந்தேகமும் கிடையாது, அதை நான் கேட்கவும் இல்லை. ஒலிப்பதிவு உங்களுடையது என்பதால் வரிகளும் உங்களுடையது ஆகிவிடாது. நான் உங்களிடம் மாதச் சம்பளத்துக்கு வேலை பார்த்தவளும் இல்லை. சம்பளத்துக்கு வேலை பார்க்கிறவர் எழுதியது முதலாளிக்குச் சேரும் என்கிற 17-ஆம் பிரிவின் விதி, வெளியே இருந்து எழுதிக் கொடுக்கிற எங்களுக்குப் பொருந்தாது.

அப்புறம், உரிமையை மாற்றிக் கொடுப்பது பற்றி 19-ஆம் பிரிவு பேசுகிறது. எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்துப் போட்டிருக்க வேண்டும். எந்தப் படைப்பு, எந்தெந்த உரிமை, எவ்வளவு காலம், எந்த நிலப்பரப்பு என்று சொல்லியிருக்க வேண்டும். ராயல்டி விவரமும் சொல்லியிருக்க வேண்டும். காலம் சொல்லவில்லை என்றால் 5 ஆண்டு என்று எடுத்துக்கொள்ள வேண்டும். நிலப்பரப்பு சொல்லவில்லை என்றால் இந்தியா மட்டும். இந்த விதி 1994 திருத்தத்திலிருந்தே இருக்கிறது. ஆகவே அந்த வவுச்சரை உரிமை மாற்றம் என்றே வைத்துக்கொண்டாலும், 2014-இல் கொடுத்தது 2019-இல் முடிந்துவிட்டது. குத்தகைக் காலம் முடிந்த பிறகும் வயலை விடாமல், நிலத்துக்காரியை வரப்பில் ஏறாதே என்று சொல்வதுபோல இருக்கிறது எங்கள் தெருக் கும்மி மேல் போட்ட உரிமைக் கோரல்.

2012 திருத்தம் இன்னும் தெளிவானது. அது வருவதற்குப் பின்னால் ஒரு நீண்ட கதை உண்டு. 1977-இல் உச்ச நீதிமன்றம், பாட்டுகளுக்கு உரிமத் தொகை வசூலிக்கிற ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பின் வழக்கில், தயாரிப்பாளர் பணம் கொடுத்துப் படத்துக்காகப் பாட்டு வாங்கினால், வேறு ஒப்பந்தம் இல்லாதபோது உரிமை தயாரிப்பாளருக்கே என்று தீர்ப்புச் சொன்னது. அதே தீர்ப்பில் நீதிபதி வி.ஆர்.கிருஷ்ணய்யர் தனியாக ஒரு குறிப்பு எழுதி, பாடுகிறவருக்குச் சட்டத்தில் எந்த உரிமையும் இல்லாமல் இருப்பதை நாடாளுமன்றம் கவனிக்க வேண்டும் என்றார். பாட்டு எழுதியவர்களும் இசையமைத்தவர்களும் அதற்குப் பிறகு 35 வருடம் காத்திருந்தார்கள். கவிஞர் ஜாவேத் அக்தர் மாநிலங்களவை உறுப்பினராக இருந்தபோது இதற்காக அவையில் வாதாடினார். 2012 ஜூன் 21 முதல் திருத்தம் நடைமுறைக்கு வந்தது.

திருத்தப்பட்ட 18-ஆம் பிரிவு சொல்வதை உங்கள் வழக்கறிஞர்கள் அறியாமல் இருக்க முடியாது. சினிமா சேராத ஒலிப்பதிவில் இடம்பெற்ற பாட்டு என்றால், அதன் எந்தப் பயன்பாட்டிலிருந்தும் வருகிற ராயல்டியில் எழுதியவருக்குச் சம பங்கு உண்டு. அந்தப் பங்கைத் தன் வாரிசுக்கோ, வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிற பதிப்புரிமைச் சங்கத்துக்கோ தவிர வேறு யாருக்கும் அவர் எழுதிக் கொடுக்க முடியாது. விட்டுக்கொடுக்கவும் முடியாது. மீறி எழுதிக் கொடுத்தால் அது செல்லாது. சினிமாப் பாட்டுக்கும் இதே பாதுகாப்பு உண்டு, தியேட்டரில் படத்தோடு ஓடுவதற்கு மட்டும் விலக்கு. ஒப்பந்தம் போட்ட நேரத்தில் இல்லாத, வணிகப் பயன்பாட்டுக்கு வராத ஊடகத்துக்கு, அந்த ஊடகத்தை ஒப்பந்தத்தில் குறிப்பாகச் சொல்லியிருந்தால் தவிர, உரிமை மாற்றம் பொருந்தாது என்றும் அதே பிரிவு சொல்கிறது. "இனிமேல் வரப்போகிற எல்லா ஊடகங்களுக்கும்" என்ற உங்கள் வரியை அதற்குப் பக்கத்தில் வைத்துப் பாருங்கள்.

கையெழுத்துப் போட்டாலும் செல்லாது என்று சட்டம் சொல்கிற ஒன்றுக்கு ஏன் கையெழுத்துக் கேட்கிறீர்கள்? சட்டம் தெரியாதவர்கள் அதைப் பார்த்துப் பயந்து பேசாமல் இருப்பார்கள் என்பதைத் தவிர வேறு காரணம் எனக்குத் தெரியவில்லை. முன்தேதி போட்டுக் கேட்பது அதைவிடப் பெரிய தவறு. இன்று போடுகிற கையெழுத்தை 2014-இல் போட்டதாக நான் காட்டினால் அது பொய் ஆவணம். அதை நான் செய்ய மாட்டேன். கேட்பதையும் நீங்கள் நிறுத்த வேண்டும்.

பெயர் விஷயத்துக்கு வருகிறேன். என்னை அதிகம் உறுத்துவது இதுதான். பணத்தைவிடவும்தான். சட்டத்தின் 57-ஆம் பிரிவு, உரிமையை முழுவதுமாக விற்றுவிட்டாலும்கூட இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்கிற உரிமை எழுதியவரை விட்டுப் போகாது என்கிறது. படைப்பைச் சிதைத்துப் பெயரைக் கெடுத்தால் தடுக்கவும் அது இடம் தருகிறது. என் பெயர் இருந்த இடத்தில் "பாரம்பரியப் பாடல்" என்று போட்டது இந்தப் பிரிவுக்கு எதிரானது. கும்மியும் ஒப்பாரியும் நடவுப் பாட்டும் எழுதுகிறவர்களில் பெரும்பாலானவர்கள் பெண்கள். பெயர் போடாமல் விட்டால் கேட்க யாரும் வரமாட்டார்கள் என்ற நினைப்பு எங்கள் விஷயத்தில் கூடுதலாகவே இருக்கிறது. ஒரு பாடகரின் பெயரை விட்டுவிட்டு வீடியோ போட நீங்கள் துணிவீர்களா?

பெயர் இல்லாததால் பணமும் வராமல் போகிறது. 1969-இல் தொடங்கிய ஐ.பி.ஆர்.எஸ். அமைப்பு 2017-இல் 33-ஆம் பிரிவின் கீழ் பதிப்புரிமைச் சங்கமாக மறுபடியும் பதிவானது. பாட்டு எழுதியவர்கள், இசையமைத்தவர்கள், வெளியீட்டாளர்கள் சார்பில் வானொலி, தொலைக்காட்சி, இணையதளம், மேடை நிகழ்ச்சி எல்லாவற்றிலிருந்தும் உரிமத் தொகை வசூலித்துப் பிரித்துக் கொடுக்கிற அமைப்பு அது. எந்தப் பாட்டு, யார் எழுதியது, யார் இசை என்ற விவரம் சரியாகப் பதிவானால்தான் பங்கு உரியவருக்குப் போய்ச் சேரும். "பாரம்பரியம்" என்று போட்ட இடத்தில் வரிக்குரிய பங்கு யாருக்குப் போகும்? நீங்கள் ஒரு பாட்டை இணையத்தில் ஏற்றும்போது நிரப்புகிற படிவத்தில் ஒரு கட்டத்தைச் சரியாக நிரப்பினால் தீர்ந்துவிடுகிற காரியம் இது.

நீங்கள் சொல்கிற பதில்கள் எனக்குத் தெரியும். "மெட்டு பழசுதானே, வரியும் அங்கங்கே பழைய பாட்டில் இருந்து எடுத்ததுதானே" என்பீர்கள். மெட்டு பழசுதான், ஒப்புக்கொள்கிறேன். "தன்னானே" என்று வருகிற இடங்களும் பொதுவானவை. மற்றபடி நான் புதிதாக எழுதிய அடிகள் என்னுடையவை. பழைய மெட்டில் புதுப் பாட்டு எழுதுவதுதான் எங்கள் மரபே, அதனால் எழுதியவர் இல்லை என்று ஆகிவிடாது. "பெரிய வருமானம் ஒன்றும் இல்லை" என்பீர்கள். சரி, இருக்கட்டும். கணக்கைக் காட்டுங்கள். சிறிய தொகையில் பாதி சிறிய தொகைதான், அதைக் கொடுங்கள். "உங்களை நாங்கள்தான் வெளியே தெரியவைத்தோம்" என்று தொலைபேசியில் ஒருவர் சொன்னார். பெயரை எடுத்துவிட்டு எப்படித் தெரியவைப்பது?

தமிழ்நாட்டுக்கு இந்தச் சண்டை புதிதில்லை. பாரதியின் பாடல்களின் ஒலிப்பதிவு உரிமையே ஒரு காலத்தில் ஏ.வி.மெய்யப்பன் வசம் இருந்தது. அந்தப் பாடல்களில் ஒன்றைப் படத்தில் பயன்படுத்தியதற்காக டி.கே.எஸ். சகோதரர்கள் மேல் வழக்கு நடந்தது. பாரதியின் படைப்புகளை 1949-இல் சென்னை மாகாண அரசு கையிலெடுத்தது, பிறகு அவை எல்லோருக்கும் பொதுவாயின. பாரதிக்கு ஒரு அரசாங்கம் வந்தது. ஊர்ப்பக்கம் முளைப்பாரிப் பாட்டு எழுதுகிறவளுக்குச் சட்டத்தின் பிரிவுகள்தான் துணை.

இதைப் படிக்கிற மற்ற பாட்டுக்காரர்களுக்கும் சில வார்த்தை சொல்ல வேண்டும், நிறுவனங்கள் பொறுத்துக்கொள்ளுங்கள். பாட்டை எழுதி முடித்தவுடனே உரிமை உங்களுக்கு வந்துவிடுகிறது. பதிவு செய்தால்தான் உரிமை என்பது கிடையாது. ஆனால் தகராறு வந்தால் நிரூபிக்க வேண்டுமே, அதற்குப் பதிவு பெரிய பலம். டில்லியில் இருக்கிற பதிப்புரிமை அலுவலகத்துக்கு இணையம் வழியாகவே விண்ணப்பிக்கலாம். படிவம் 14. வரிகளுக்கு ஒரு படைப்புக்கு 500 ரூபாய் கட்டணம். யாராவது ஆட்சேபம் சொல்ல 30 நாள் காத்திருப்பார்கள், பிறகு பரிசீலனை. பதிவேட்டில் ஏறிவிட்டால், 48-ஆம் பிரிவின்படி, மாற்றாக நிரூபிக்கப்படும் வரை நீதிமன்றம் அதை ஏற்கும். தனக்குத்தானே பதிவுத் தபால் அனுப்பி உறையைப் பிரிக்காமல் வைத்துக்கொள்கிற பழக்கம் நம்மிடம் இருக்கிறது. அதை மட்டும் நம்ப வேண்டாம். எழுதிய நோட்டைத் தேதியோடு வைத்திருங்கள், அடித்துத் திருத்திய பக்கங்களைக் கிழித்துப் போடாதீர்கள். பாடிப் பார்த்ததைப் போனில் பதிந்து மின்னஞ்சலில் ஒருவருக்கு அனுப்பி வையுங்கள். எதில் கையெழுத்துப் போட்டாலும் நகல் வாங்காமல் எழுந்து வராதீர்கள். நம் உரிமை நம் ஆயுளுக்கும், அதற்குப் பிறகு 60 ஆண்டுக்கும் இருக்கிறது. நாம் கொடுக்கிற கையெழுத்து பேரப்பிள்ளைகள் வரைக்கும் பாதிக்கும்.

வழக்கு என்றால் மும்பைக்கும் டில்லிக்கும் அலைய வேண்டுமோ என்று பயப்படவும் வேண்டாம். 62-ஆம் பிரிவு, எழுதியவர் குடியிருக்கிற மாவட்டத்தின் நீதிமன்றத்திலேயே வழக்குப் போட அனுமதிக்கிறது. பெண்களுக்கும் பட்டியல் சாதியினர், பழங்குடியினருக்கும் வருமானம் பார்க்காமல் சட்டப்பணிகள் ஆணைக்குழு மூலம் இலவச சட்ட உதவி உண்டு.

நிறுவனங்களே, கோயிலில் யாரும் பாடக் கூடாது என்று நான் கேட்கவில்லை. உண்மையான சமயச் சடங்கில் பாடுவதை உரிமை மீறலாகச் சட்டமே கருதுவதில்லை, 52-ஆம் பிரிவில் அது இருக்கிறது. ஊர் ஊராக அந்தப் பாட்டைப் பாடட்டும், எனக்கு அதைவிடச் சந்தோஷம் வேறில்லை. நான் கேட்பது உங்களிடம் மட்டும்தான்.

முதலாவது, முன்தேதி போட்ட அந்த 'உறுதிப்படுத்தும்' கடிதங்களை எழுத்துமூலம் திரும்பப் பெறுங்கள். ஏற்கெனவே கையெழுத்துப் போட்டவர்களுக்கு அது செல்லாது என்று தமிழில் எழுதி அனுப்புங்கள். கையெழுத்துப் போடாத காரணத்துக்காக யாருடைய பாட்டையும் ஒதுக்காதீர்கள்.

எழுதியவர் உயிரோடு இருக்கிற, அல்லது வாரிசு தெரிகிற ஒவ்வொரு பாட்டிலும் "பாரம்பரியம்" என்பதை எடுத்துவிட்டு எழுதியவர் பெயரைப் போடுங்கள். யூடியூபில் மட்டும் போதாது. பாட்டு எங்கெல்லாம் ஓடுகிறதோ, ஐ.பி.ஆர்.எஸ். பதிவு உட்பட, அங்கெல்லாம் திருத்த வேண்டும். பழைய சி.டி. உறைகள் உங்களிடமே இருக்கும், பெயர்கள் அதில் இருக்கின்றன.

உங்கள் ஒலிப்பதிவு இல்லாத, ஊர்க்காரர்கள் தாங்களே பாடிய வீடியோக்கள் மேல் போட்டிருக்கிற உரிமைக் கோரல்களை விலக்குங்கள். பொது மெட்டுகளை உங்கள் படைப்பாகக் கன்டென்ட் ஐடியில் ஏற்றியிருந்தால் அதையும் நீக்குங்கள். பிடித்து வைத்த வருமானத்தைத் திருப்பிக் கொடுங்கள்.

2012 ஜூன் 21-க்குப் பிறகு வாங்கிய பாடல்களுக்கு, எந்தத் தளத்தில் எவ்வளவு வந்தது என்று வருடவாரியாகக் கணக்கு அனுப்பி, எழுதியவருக்குரிய சம பங்கைக் கொடுங்கள். காலம் குறிப்பிடாத வவுச்சர்களில் 5 ஆண்டு முடிந்துவிட்ட பாடல்களைத் தொடர்ந்து பயன்படுத்த விரும்பினால் புதிதாகப் பேசி, காலம், நிலப்பரப்பு, ராயல்டி மூன்றும் எழுதிய ஒப்பந்தத்தைத் தமிழில் கொடுத்துக் கையெழுத்து வாங்குங்கள். அப்படி ஒரு ஒப்பந்தம் வந்தால் நான் உட்கார்ந்து பேசத் தயார்.

எனக்குக் கடிதம் அனுப்பிய நிறுவனத்துக்கு இந்த மடலின் நகலையும், வவுச்சர் நகலையும், என் நோட்டுப் பக்கங்களின் படங்களையும் பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். ஆடி முதல் தேதிக்குள் எழுத்தில் பதில் வேண்டும். வராவிட்டால் மாவட்டச் சட்டப்பணிகள் ஆணைக்குழுவில் மனுக் கொடுத்து, மாவட்ட நீதிமன்றத்தில் தடை உத்தரவும் கணக்கும் கேட்டு வழக்குத் தொடுப்பேன். இதே கடிதம் வந்த மற்றவர்களில் சிலரும் என்னோடு சேர்ந்து மனுக் கொடுப்பதாகச் சொல்லியிருக்கிறார்கள்.

இப்படிக்கு,
உசிலம்பட்டிப் பக்கத்திலிருந்து ஒரு பாட்டுக்காரி